பையில் யாருடைய பெயர்?

மும்பையின் நடுவே மித்தி என்று ஒரு நதி ஓடுகிறது. நதி என்று சொல்லத்தான் மனம் வர வேண்டும். மழைக்காலம் தவிர்த்து மற்ற மாதங்களில் அது கறுத்த சாக்கடை. அதன் வடகரையில் பாந்த்ரா-குர்லா வளாகம்: வங்கித் தலைமையகங்கள், 2010-இல் திறக்கப்பட்ட வைரச் சந்தை, 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ஜியோ வேர்ல்ட் பிளாசா. அந்த பிளாசாவில் லூயி விட்டோன், குச்சி, டியோர், கார்ட்டியே, புல்காரி என்று உலகின் விலையுயர்ந்த பெயர்களெல்லாம் அடுத்தடுத்துக் கடை விரித்திருக்கின்றன. தென்கரையில் தாராவி. அங்கே சந்துக்குச் சந்து தோல் பை தைக்கிறார்கள், பெல்ட் வெட்டுகிறார்கள், ஜரிகைப் பூவேலை செய்கிறார்கள். பெயர்ப் பலகை உள்ள பட்டறைகளை விட இல்லாதவைதான் அதிகம்.

இரண்டு கரைக்கும் இடையே ஒரு பாலம் தூரம். அந்தத் தூரத்தில்தான் இன்றைய இந்திய ஃபேஷனின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

ஆண்டுக்கொரு முறையாவது வடகரையிலுள்ள மாநாட்டு அரங்கில் லாக்மே ஃபேஷன் வாரத்தின் விளக்குகள் எரிகின்றன. ஆகஸ்ட் மாதங்களில் அதே அரங்கில் சர்வதேச நகைக் கண்காட்சி நடக்கிறது. உடைக்கும் நகைக்கும் ஒரே மேடை, ஏறத்தாழ ஒரே கூட்டம். அண்மை ஆண்டுகளின் புதிய வரவுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று பளிச்சென்று தெரியும். இயந்திரத்தின் வழவழப்பு போய், கையின் தடம் மதிப்புப் பெற்றுவிட்டது. சற்றே கோணலான தையல், இழை பிரிந்து தெரியும் கைத்தறி, பளபளப்பு மங்கிய வெள்ளி, அரக்கில் பதித்த சிவப்புக் கல், பட்டையிட்டுப் பதப்படுத்திய தோல். பாட்டி பெட்டியிலிருந்து எடுத்தது போல் இருப்பதுதான் இப்போது புத்தம் புதியது. நிலைத்த ஃபேஷனுக்கென்று ஒரு நாளையே ஒதுக்குகிறார்கள்; பழைய துணியை வெட்டி ஒட்டியதும் மேடையேறுகிறது.

கண்ணுக்கு இதமான மாற்றம்தான். ஆனால் கை இவ்வளவு கொண்டாடப்படும்போது, அது யாருடைய கை என்ற கேள்வி எழாமல் இருக்காது. நிகழ்ச்சிக் குறிப்பில் டிசைனர் பெயர் இருக்கும். கடைசியில் நடந்து வந்த நடிகையின் பெயர் இருக்கும். ஒப்பனை செய்தவர், சிகை அலங்கரித்தவர், நகை தந்த நிறுவனம் எல்லோரும் இருப்பார்கள். தைத்தவரைத் தேடினால் பெரும்பாலும் ‘கைவினைஞர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும்.

இந்தக் கேள்வி உலகம் அறியக் கேட்கப்பட்டது 2025-இல். அந்த ஆண்டு ஜூன் 22 அன்று மிலான் நகரில் பிராடா நிறுவனம் அடுத்த கோடைக்கான ஆண்கள் உடைகளைக் காட்டியது. மாடல்களின் காலில் இருந்தது, கட்டைவிரலை ஒரு வளையத்தில் நுழைத்துக்கொள்ளும் தட்டையான தோல் செருப்பு. மகாராஷ்டிரத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அதன் பெயர் சொல்லும்: கோலாப்பூர் செருப்பு. பிராடாவின் குறிப்போ வெறும் தோல் செருப்பு என்றது. மாநிலத்தின் வணிக, தொழில், வேளாண் சபை கடிதம் எழுதியது. சமூக ஊடகங்கள் கொதித்தன. தன் வடிவத்துக்குத் தூண்டுதல் இந்தியாவின் பாரம்பரியக் காலணிதான் என்று சில நாட்களில் பிராடா ஒப்புக்கொண்டது.

ஒப்புதல் வந்ததே தவிர, சட்டம் ஒன்றும் செய்யவில்லை. கோலாப்பூர் செருப்பு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்லி, சதாரா, சோலாப்பூர். கர்நாடகத்தில் பெல்காம், பாகல்கோட், தார்வாட், பிஜாப்பூர். இந்த எட்டு மாவட்டங்களில் செய்ததையே அந்தப் பெயரில் விற்கலாம். ஆனால் புவிசார் குறியீடு காப்பது பெயரை, வடிவத்தை அல்ல. பெயரைச் சொல்லி விற்றால் குற்றம், பெயரை மறைத்து விற்றால் தப்பிக்கலாம். பிராடா பெயரைச் சொல்லவே இல்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பொதுநல வழக்கு போனது. குறியீட்டைப் பதிவு செய்த அமைப்புகளே வழக்காட வேண்டும் என்ற நிலையில் அது 2025 ஜூலையில் தள்ளுபடியானது.

பிறகு சமரசம். 2025 டிசம்பரில், மும்பையில் வைத்தே, மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் செய்துகொண்டது. இரு மாநிலங்களிலும் 2,000 ஜோடி செய்யப்படும், ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்படும், கைவினைஞர்களுக்குப் பயிற்சியும் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. கோலாப்பூர் கடைவீதியில் அதன் சொந்தச் சகோதரனைச் சில நூறு ரூபாயிலிருந்து வாங்கலாம். நடுவில் உள்ள வித்தியாசத்தைத் தோலின் விலை என்றோ உழைப்பின் விலை என்றோ யாரும் நினைக்கப்போவதில்லை. அது பெயரின் விலை.

இந்தப் பெயரின் விலையைத் தாராவி அளவுக்கு அறிந்த இடம் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். தாராவியின் தோல் தொழில் ஒரு வகையில் தமிழ்க் கதை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் இந்தச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொட்டிகளை வைத்தார்கள். நகரத்தின் ஆடுமாடு அறுக்கும் கூடம் பக்கத்தில் பாந்த்ராவில் இருந்தது. நாற்றமடிக்கும் தொழிலை ஊருக்குள் வைக்க வெள்ளை அதிகாரிகளுக்கு விருப்பமில்லை. ஊருக்கு வெளியே தாராவி கிடந்தது. தொட்டிகளில் வேலை செய்ய அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்கள் வந்தார்கள். ஊரில் நிலமில்லை, மழையில்லை, மரியாதையும் இல்லை. இங்கே மூன்றாவது மட்டும் பாக்கி நின்றது. முதல் இரண்டின் இடத்தில் கூலி கிடைத்தது. தாராவியின் பெரிய மசூதியும் 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் இந்த வரவுகளின் சாட்சிகள்.

1971-இல் அறுப்புக்கூடம் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு மாறியது. நகரம் வளர்ந்து தாராவியைச் சூழ்ந்துகொண்டதும், ஊருக்கு வெளியே இருந்தது ஊருக்கு நடுவே வந்துவிட்டது. தொட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது வெளியேறின. பதனிட்ட தோல் இப்போது சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வருகிறது. வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ பதப்பட்ட தோல் ரயிலேறி வந்து திருநெல்வேலிக்காரரின் பேரன் கையில் பையாகிறது. தொட்டி போனாலும் கத்தரியும் ஊசியும் தங்கிவிட்டன.

ஒரு பை உருவாவதைப் பார்த்தால் ஃபேஷன் மேடையின் மர்மம் பாதி கலைந்துவிடும். முதலில் தோலை வெளிச்சத்தில் விரித்துத் தழும்பு பார்க்க வேண்டும். கொசுக்கடி, முள் கிழித்த கோடு, சூட்டுக்கோல் அடையாளம் எல்லாம் தோலில் பதிந்திருக்கும். அவற்றைத் தவிர்த்து அட்டை மாதிரியை வைத்து வெட்ட வேண்டும். ஒரு விரற்கடை வீணானால் லாபம் போச்சு. பிறகு மடிக்கும் ஓரங்களை மட்டும் கத்தியால் சீவி மெல்லிசாக்குவார்கள். அப்புறம் பசை, சுத்தியல் தட்டு, தையல், ஓரத்துக்குச் சாயம், பித்தளைக் கொக்கி. வெட்டுபவர் ஒருவர், ஒட்டுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர். கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில். கடைசியாகச் சூடேற்றிய அச்சு ஒன்று கீழே இறங்கும். தோலில் ஒரு பெயர் அழுந்தப் பதியும். அது பைக்கு ஆர்டர் கொடுத்தவருடைய பெயர்.

அந்தக் கடைசி ஒரு நொடி வரை பை தாராவியினுடையது. அச்சு மேலே எழும்போது வேறொருவருடையதாகிவிடுகிறது. அதே பையைச் சயான்-தாராவி சாலையின் கடையில் பெயரில்லாமல் தொங்கவிட்டால் வாங்க வருபவர் பாதிக்குப் பேரம் பேசுவார். பெயரோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மூச்சுவிடாமல் கொடுப்பார்.

இது இந்தியாவின் வறுமைக்கு மட்டுமே உரிய கதையும் அல்ல. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர் சுரண்டப்படுவதை அது தடுக்கவில்லை என்பது குறை. அந்த ஆவணங்களிலிருந்து வெளிவந்த ஒரு கணக்கு உலகைச் சுற்றியது: கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பையைச் சேர்த்துத் தைக்கப் பட்டறைக்குத் தரப்பட்டது 53 யூரோ. தோலின் விலை இதில் சேராது. நிறுவனம் நடைமுறைகளைச் சீர்செய்ததால் 2025 தொடக்கத்தில் மேற்பார்வை நீக்கப்பட்டது. ‘இத்தாலியில் செய்தது’ என்ற முத்திரைக்குள்ளேயே ஒரு தாராவி இருந்திருக்கிறது.

அச்சில் வேறொரு பெயரைப் பொறித்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஓவியரான சுதீர் ராஜ்பர், குடும்ப வேர் உத்தரப்பிரதேசத்தில், வளர்ந்தது மும்பையில். 2015-இல் மகாராஷ்டிரத்தில் பசுவோடு காளை, எருது அறுப்பதும் தடை செய்யப்பட்டபோது தாராவியின் தோல் பட்டறைகள் ஆட்டம் கண்டன. ஏற்கெனவே சீன ரெக்சின் பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது அடுத்த அடி. ராஜ்பர் தோலை விட்டுவிட்டு, தோல் தெரிந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டார். கழித்துப் போட்ட டயர், டியூப் ரப்பரை மறுசுழற்சி செய்து தகடாக்கி, அதில் பை தைக்கச் செய்தார். கையும் கருவியும் அதே. பொருள் மட்டும் வேறு. கோடுகள் சுருக்கமாக, நிறம் பெரும்பாலும் கறுப்பாக, பார்ப்பதற்கு ஐரோப்பிய அருங்காட்சியகக் கடையில் இருப்பது போன்ற பைகள் பிறந்தன.

அதிர்ச்சி வடிவத்தில் அல்ல, பெயரில். அவர் வைத்த பெயர் சமார். வடஇந்தியாவில் தோல் தொழில் செய்யும் சாதியின் பெயர். வசைச் சொல்லாகவே புழங்கிய பெயர். அவமதிக்கும் நோக்கத்தோடு ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் குற்றமென்ற சொல்லையே பைக்குப் பெயராக்கி விலையுயர்ந்த கடைகளுக்கு அனுப்பினார் ராஜ்பர். வாங்குபவர் அந்தச் சொல்லை வாயால் உச்சரித்து, மரியாதையாகக் கேட்டு, பணம் கொடுத்து வாங்க வேண்டும். 2024 டிசம்பரில் மயாமி வடிவமைப்புக் கண்காட்சியில் சமார் ஸ்டுடியோவின் நாற்காலிகள் பேசப்பட்டன.

ஒரு ஸ்டுடியோவால் தாராவி மாறிவிடாது. ஒரு சிறிய நிறுவனம் எத்தனை பேருக்கு வேலை தந்துவிட முடியும்? ஆனால் அது ஒன்றை நிரூபித்தது. தைத்தவனின் அடையாளத்தை மறைத்தால்தான் விலை ஏறும் என்பது வணிகத்தின் இயற்கை விதி இல்லை. ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

தாராவியிலிருந்து கிழக்கே ரயில் பாதைகளைத் தாண்டினால் மாட்டுங்கா. அது வேறு தமிழ் மும்பை. பூக்கடை, ஃபில்டர் காபி, பஜனை சமாஜம், சங்கர மடம். தோலைத் தொடுவதை விட்டுத் தங்கத்துக்கு வந்துவிட்டாலும் கேள்வி அதேதான்.

நகைகளில் இப்போதைய மோகம் கோயில் நகை. லட்சுமி உருவம் பொறித்த அட்டிகை, மாங்காய் மாலை, சிவப்புக் கெம்புக் கல், கல் பதித்த ஜிமிக்கியும் மாட்டலும் வடஇந்திய டிசைனர்களின் மணப்பெண் வரிசைகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. லெஹங்காவுக்கு மேல் ஒட்டியாணம் கட்டிய மணமகள் இன்று புதுமை. மாட்டுங்காவுக்கோ இது பழைய சங்கதி. தஞ்சாவூர் நட்டுவனார் மரபினர் 1945-இல் மாட்டுங்காவில் தொடங்கிய ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர், பக்கத்தில் சண்முகானந்தா அரங்கம், செம்பூரில் 1962-இல் பிறந்த ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி. இவற்றில் ஆடிய, ஆடும் தலைமுறைப் பெண் குழந்தைகள் நெற்றிச்சுட்டியும் சூரியப்பிறை, சந்திரப்பிறையும் ராக்கொடியும் ஜடைநாகமும் அணிந்தே வளர்ந்தார்கள். அரங்கேற்றம் என்றால் ஊருக்குச் சொல்லிவிட்டு நகை செட் வரவழைப்பது வழக்கம்.

அந்த ஊர் பெரும்பாலும் நாகர்கோவிலை ஒட்டிய வடசேரி. வெள்ளிச் சட்டம், அரக்கு, கல், கல்லைச் சுற்றி அழுத்தும் மெல்லிய தங்கத் தகடு. சாமிக்குச் செய்தது, பிறகு ஆடுபவருக்கு, இப்போது மணமகளுக்கு. நாகர்கோவில் கோயில் நகையும் புவிசார் குறியீடு பெற்றதுதான். அங்கும் கோலாப்பூரின் அதே ஓட்டை. ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று பொதுவாகச் சொல்லி எந்த ஊரில் அச்சில் வார்த்ததையும் விற்கலாம். வடசேரி வாய் திறக்க முடியாது.

தாலியும் டிசைனர் கைக்குப் போயாயிற்று. 2021-இல் இத்தாலியின் புல்காரி ஒரு மங்கல்சூத்திரத்தை அறிமுகம் செய்தது. 18 காரட் தங்கம், கருமணிக்குப் பதில் கறுப்பு ஓனிக்ஸ், நடுவே வைரம். அதே ஆண்டு சப்யசாச்சியின் மங்கல்சூத்திர விளம்பரம் ஆபாசம் என்று மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் கெடு வைக்க, விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. மாடலின் உடை பற்றி நாடே விவாதித்தது. அந்தக் கருமணியைக் கோத்தவர் யார், என்ன கூலி வாங்கினார் என்று எவரும் கேட்கவில்லை.

பழைய வழக்கத்தில் தாலி செய்தவர் முகமற்றவர் அல்ல. யாழ்ப்பாணத்திலும் தென்தமிழ்நாட்டின் சில சமூகங்களிலும் பொன்னுருக்குச் சடங்கு உண்டு. நல்ல நாள் பார்த்து ஆசாரியை அழைத்து, உறவினர் சூழ்ந்திருக்க, அவர் பொன்னை உருக்குவார். வெற்றிலை பாக்கும் தட்சிணையும் அவருக்குத் தரப்படும். யார் கையில் தாலி உருவாகிறது என்பது வீட்டுக்குத் தெரியும். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். அன்று ஆசாரிக்குத் திண்ணை வரைதான் அனுமதி இருந்த வீடுகளும் உண்டு. ஆனால் செய்தவரைத் தெரியாமல் செய்பொருளை வாங்க முடியாது என்ற ஏற்பாடு இருந்தது.

இன்று தங்கத்துக்கு அரசு முத்திரை இருக்கிறது. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் வேண்டும். செல்போனில் அதைத் தட்டினால் நகைக்கடை, சோதித்த மையம், தூய்மை, தேதி எல்லாம் வரும். செய்த ஆசாரி வரமாட்டார். ஜவேரி பஜாரின் மாடிகளில், குழல் ஊதும் வெப்பத்தில், கூட்டமாக உட்கார்ந்து வேலை செய்யும் வங்காளத்துத் தொழிலாளர்கள் அந்த ஆறு இலக்கத்துக்குள் அடங்கவில்லை.

தமிழில் நகைக்கென்றே எழுந்த காப்பியம் சிலப்பதிகாரம். கடலாடு காதையில் மாதவி அணிந்த நகைகளைக் கால் விரலிலிருந்து தலை வரை இளங்கோ வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இன்றைய டிசைனர் குறிப்பேடு தோற்றுவிடும். கதையின் உயிர் முடிச்சே ஒரு நகை யாருடையது என்ற வழக்குதான். சிலம்பில் செய்தவரின் அடையாளம் ஏதுமில்லை. உடைத்துப் பார்த்து, உள்ளே மாணிக்கம் தெறித்த பிறகுதான் நீதி கிடைக்கிறது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. அதைச் செய்த கை யாருடையது என்று காப்பியம் சொல்லவில்லை. களவு செய்த பொற்கொல்லனுக்கும் பெயர் இல்லை.

இரட்டைக் காப்பியமான மணிமேகலை வேறு வழி காட்டுகிறது. சோழ மன்னனின் மண்டபத்தை வருணிக்கும் இடத்தில், அதைச் செய்தவர்களை ஊர் சொல்லி அடையாளம் காட்டுகிறார் சாத்தனார். மகத நாட்டவர், மராட்டக் கம்மியர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர். அவர்களோடு கூடி வேலை செய்த தமிழ் வினைஞர். மராட்டமும் தமிழும் ஒரே பட்டறையில்! மும்பைத் தமிழனுக்கு இதைவிடப் பழைய குடும்ப அட்டை வேண்டாம். புவிசார் குறியீட்டுச் சட்டம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, வேலையின் பெருமையை வேலை செய்தவரின் ஊரோடு சேர்த்துச் சொல்லத் தமிழுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வழிக்கு இன்றைய மும்பையிலும் சில எடுத்துக்காட்டுகள் உண்டு. 2023 மார்ச் 30 அன்று டியோர் தன் புதிய வரிசையை கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்னால் காட்டியது. 14 மீட்டர் உயரத் தோரணம் ஒன்று பின்னணி, முழுக்கக் கைப்பூவேலை. உடைகளின் எம்பிராய்டரி மும்பையைச் சேர்ந்த சாணக்யா நிறுவனத்துடையது என்பதை டியோரின் அன்றைய படைப்பு இயக்குநர் மரியா கிராசியா கியூரி வெளிப்படையாகச் சொன்னார். சாணக்யாவின் கரிஷ்மா ஸ்வாலியின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் இது நினைத்துப் பார்க்க முடியாதது. மும்பையின் ஊசிகள் பாரிஸ் உடைகளில் வெகு காலமாக இருந்தாலும் அதைச் சொல்வது வியாபாரத்துக்கு ஆகாது என்றே நம்பப்பட்டது. இப்போது நிறுவனத்தின் பெயர் வரை இறங்கி வந்திருக்கிறது. ஊசி பிடித்தவரின் பெயருக்கு இன்னும் ஒரு படி பாக்கி.

அந்தக் கடைசிப் படியில் கால் வைத்திருப்பது, ஆச்சரியமாக, ஓர் அரசுக் கழகம். பிராடா விவகாரத்துக்குப் பிறகு, 2025-இல், மகாராஷ்டிரத் தோல் தொழில் கழகம் கோலாப்பூர் செருப்புக்கு க்யூஆர் குறியைக் கொண்டுவந்தது. செல்போனைக் காட்டினால் செய்த கைவினைஞர் அல்லது பட்டறையின் பெயர், மாவட்டம், பயன்படுத்திய தோல், செய்முறை எல்லாம் தெரியும். போலியைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனாலும் காலுக்குக் கீழே போகும் பொருளில் தைத்தவரின் பெயரை ஏற்றிய பெருமை அதற்கு உண்டு. ஆறு இலக்கத் தங்கத்துக்கு இல்லாத மரியாதை எருமைத் தோலுக்குக் கிடைத்திருக்கிறது.

பெயர் வந்தால் சோறு வருமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் தெரிந்தால் அடுத்த ஆர்டர் நேரே வரும். இடைத்தரகர் ஒருவர் குறைவார். விபத்து நடந்தால் எந்தப் பட்டறை என்று தெரியும். குறைந்த கூலி பற்றிக் கேட்க ஒரு முகவரி இருக்கும். வீடும் தொழிலும் பறிபோகும் நாளில், இங்கே இன்னார் இன்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதற்குச் சான்று இருக்கும்.

அந்த நாள் தாராவிக்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது. சுமார் 600 ஏக்கர் பரப்பை இடித்துக் கட்டும் திட்டத்தை 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் பெற்றது. 2025-இல் முதன்மைத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் தந்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதை நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்கும் பிறகு வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் தேவ்னார் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் உண்டு. செம்பூரைத் தாண்டி, அறுப்புக்கூடம் போன அதே திசையில்.

தாராவியில் வீடு கீழே என்றால் பட்டறை பல இடங்களில் மாடியில். இரும்பு ஏணி பிடித்து ஏற வேண்டிய மாடி. அங்கே தோல் வெட்டுபவருக்கு வாடகைச் சீட்டு இருக்காது. தொழில் உரிமம் பெரும்பாலும் முதலாளி பெயரில். அவர் செய்த ஆயிரக்கணக்கான பைகளிலும் யார் யாருடைய பெயரோ இருக்கிறது. அவர் இத்தனை வருடம் இங்கே இருந்து இந்த வேலை செய்தார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம், ஒரு தையல் முத்திரை கிடையாது. வெட்டுபவர் ஓரிடம், ஒட்டுபவர் ஓரிடம், தைப்பவர் வேறிடம் என்று மூன்று மூலையில் வீசப்பட்டால் கைகள் இருக்கும், பை இருக்காது. தோலும் கொக்கியும் பசையும் பத்து நிமிட நடையில் கிடைப்பதுதான் தாராவியின் பலம். மேடையில் இவ்வளவு மெச்சப்படும் ‘கையின் தடம்’ அந்தப் பத்து நிமிட நடைக்குள் வாழ்கிறது.

வடகரை அரங்கின் விளக்குகளில் மறுபடியும் புதிய வரிசைகள் வரும். கோணல் தையலும் மங்கிய வெள்ளியும் கைதட்டல் வாங்கும். வாங்கட்டும், அழகான பொருள்கள்தான். குறிப்பேட்டில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கும்: வெட்டியவர் இன்னார், தைத்தவர் இன்னார், ஊர் தாராவி. சூடேற்றிய அச்சு எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பதிக்கும். அதற்கு வேற்றுமை தெரியாது.